குப்பையில் பிறந்த சுவர்ப் படம்

பிஸ்கட் தீர்ந்தால் உறை மிஞ்சுகிறது. சோப்புத் தீர்ந்தால் அட்டை மிஞ்சுகிறது. டீத்தூள் தீர்ந்தால் பளபளக்கும் பை மிஞ்சுகிறது. இவை எல்லாம் எங்கே போகின்றன?

சில தெருவோரம் கிடக்கின்றன. மாடுகள் அவற்றைத் தின்கின்றன. பிளாஸ்டிக் செரிப்பதில்லை. வயிற்றிலேயே தங்கிவிடுகிறது. மாடு இளைக்கிறது. சில சமயம் செத்தும் போகிறது. சிலர் குப்பையை வாசலில் கொளுத்துகிறார்கள். பிளாஸ்டிக் எரியும் புகையில் நஞ்சு இருக்கிறது. குழந்தைகளும் முதியவர்களும் அதனால் அதிகம் துன்பப்படுகிறார்கள்.

சுத்தமான அட்டையைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடலாம். ஆனால் பிஸ்கட், சிப்ஸ் உறைகளைப் பெரும்பாலான கடைக்காரர்கள் வாங்குவதில்லை. ஏன்? அந்த உறையில் பிளாஸ்டிக் படலமும் அலுமினியப் பூச்சும் சேர்ந்து ஒட்டியிருக்கின்றன. அவற்றைப் பிரிப்பது கடினம். யாரும் வாங்காத அந்த உறையை வைத்து அழகான சுவர்ப் படம் செய்யலாம்.

சண்டிகரின் சாலை ஆய்வாளர்

நேக் சந்த் 1924-இல் பிறந்தவர். சண்டிகர் நகரில் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்தார். புதிய நகரம் கட்டுவதற்காகப் பல கிராமங்கள் இடிக்கப்பட்டன. உடைந்த ஓடு, பீங்கான், வளையல் துண்டு எல்லாம் குவிந்து கிடந்தன. அவற்றைச் சைக்கிளில் கொண்டுபோய்க் காட்டுக்குள் சேர்த்தார். அவற்றால் சிலைகளும் சுவர்களும் செய்தார்.

அது அரசு நிலம். அவரிடம் அனுமதி இல்லை. தெரிந்தால் எல்லாவற்றையும் இடித்துவிடலாம். வேலையும் போகலாம். சுமார் 18 ஆண்டுகள் ஊருக்குத் தெரியாமல் உழைத்தார்.

கடைசியில் அதிகாரிகள் அதைக் கண்டார்கள். இடிப்பதா, விடுவதா என்ற கேள்வி எழுந்தது. மக்கள் அதை விரும்பினார்கள். 1976-இல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது. அவருக்குச் சம்பளமும் வேலையாட்களும் கொடுத்தார்கள். 1984-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர் 2015-இல் காலமானார். அவர் செய்த பூங்காவை இன்றும் மக்கள் சென்று பார்க்கிறார்கள்.

கச்சின் கண்ணாடிச் சுவர்

குஜராத்தில் கச்சு ஒரு வறண்ட பகுதி. அங்கே வட்டமான மண் வீடுகள் உண்டு. பெண்கள் களிமண்ணோடு சாணம் சேர்த்துப் பிசைகிறார்கள். அதை மெல்லிய கயிறுபோல் உருட்டிச் சுவரில் ஒட்டிக் கோலம் செய்கிறார்கள். இடையிடையே சிறு கண்ணாடித் துண்டுகளைப் பதிக்கிறார்கள். மயில், ஒட்டகம், மரம் எல்லாம் சுவரில் வருகின்றன. ஒரு விளக்கு ஏற்றினாலும் சுவர் முழுவதும் மின்னும். இதற்கு லிப்பன் வேலை என்று பெயர்.

இதே வேலையை அட்டையிலும் செய்யலாம். மண்ணுக்குப் பதில் காகிதக் கூழ். கண்ணாடிக்குப் பதில் பிஸ்கட் உறையின் உட்புறம்.

தேவையானவை

பெரிய அட்டைப் பெட்டி, முட்டை அட்டை, பழைய செய்தித்தாள், பிஸ்கட் உறைகள், மைதா, நூல், ஊசி, மிஞ்சிய வெள்ளைச் சுவர்ப் பெயிண்ட்.

செய்முறை

1. மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் கிளறிக் காய்ச்சிப் பசை எடுக்க வேண்டும்.

2. அட்டையில் ஒரே அளவாக இரண்டு துண்டு வெட்ட வேண்டும். அட்டைக்குள் வரிகள் ஓடும். ஒன்றில் நெடுக்காகவும் மற்றதில் குறுக்காகவும் வரிகள் வரும்படி ஒட்ட வேண்டும். அப்போது அட்டை எளிதில் வளையாது. கனமான பொருளை மேலே வைத்து ஓர் இரவு விட வேண்டும்.

3. முட்டை அட்டையைக் கிழித்து ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். நன்றாக இடித்துத் தண்ணீரைப் பிழிய வேண்டும். பசை சேர்த்துச் சப்பாத்தி மாவுபோல் பிசைய வேண்டும்.

4. ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, மெல்லிய அட்டையில் வட்டங்கள் வெட்ட வேண்டும். கழுவித் துடைத்த உறையை, பளபளப்பு வெளியே தெரியும்படி வட்டத்தின்மேல் போர்த்த வேண்டும். ஓரத்தைப் பின்னால் மடித்து நூலால் தைக்க வேண்டும்.

5. பெரிய அட்டையில் படம் வரைந்து, வட்டங்களை அதன்மேல் வைக்க வேண்டும். மைதாப் பசை பிளாஸ்டிக்கில் ஒட்டாது. அதனால் கூழை உருட்டி, வட்டத்தின் ஓரத்தைச் சிறிது மூடும்படி சுற்றி அழுத்த வேண்டும். கூழ் காய்ந்ததும் வட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். மற்றக் கோடுகளையும் கூழாலேயே போட வேண்டும்.

6. நிழலில் இரண்டு, மூன்று நாள் காயவிட வேண்டும். பிறகு வெள்ளை அடித்து, துளையிட்டு, நூல் கட்டித் தொங்கவிடலாம்.

கவனிக்க

பூச்சிமருந்து உறைகளைத் தொடவே கூடாது. மழைச் சாரல் படும் சுவரில் மாட்டக் கூடாது. பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பது உண்டு. அது நஞ்சு. அதற்குத் தனிப் பாத்திரம் வேண்டும். அதைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

விற்க நினைப்பவர்கள் பொருள் செலவை மட்டும் பார்த்து விலை சொல்லக் கூடாது. எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்று எழுதிவைத்து, அதற்கும் கூலி சேர்க்க வேண்டும். கைவேலைக்கும் கூலி உண்டு.

பயிற்சி

1. மாடு பிளாஸ்டிக்கைத் தின்றால் என்ன ஆகும்?
2. கச்சில் செய்யும் சுவர் வேலையின் பெயர் ________.
3. இரண்டு அட்டைகளின் வரிகளையும் ஏன் மாற்றி ஒட்ட வேண்டும்?
4. உங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் எத்தனை உறைகள் சேருகின்றன? எண்ணி எழுதுங்கள்.