குடும்பப் பாடம்: கோடையில் ஒரு ஞாயிறு



சித்திரை பிறந்து பள்ளிக்கூடங்கள் அடைத்தாயிற்று. பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். தகப்பனாருக்கோ கோடை விடுமுறை என்பது கிடையாது. பட்டறை, கடை, ஆபீஸ், ஆட்டோ என்று ஆறு நாளும் ஓட்டந்தான். ஏழாம் நாள் வருகிறது. பூசை கண்டு வீடு திரும்புகிறோம். அதன்பின் அந்த நாள் எங்கே போகிறது? ஒருவர் தூங்குகிறார், ஒருவர் கைப்பேசியில் மூழ்குகிறார், பிள்ளைகள் சண்டையிடுகிறார்கள், தாய் அடுப்படியில் வேகிறாள். பொழுது சாய்ந்ததும், "ஞாயிறும் போயிற்றே!" என்று ஒரு பெருமூச்சு. நம்மில் பல வீடுகளில் நடப்பது இதுதான் அல்லவா? ஆதலால் இவ்வாரப் பாடத்தில் மூன்று விஷயங்களைப் பார்ப்போம். இந்த ஓய்வு நாள் நமக்கு எப்படி வந்தது? அதைக் கெடுப்பவை எவை? அதிகச் செலவில்லாமல் அதைச் சந்தோஷமாய்க் கழிப்பது எப்படி?

1. ஓய்வு நாள் வந்த விதம்

ஓய்வு நாளைப் பற்றிய கற்பனையை நாமெல்லாரும் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். வீட்டு எஜமான் மட்டுமல்ல, வேலைக்காரனும் வேலைக்காரியும் மாடும்கூட அன்று இளைப்பாற வேண்டுமென்று வேதாகமம் சொல்வதை மட்டும் எளிதில் மறந்துவிடுகிறோம்.

நம் நாட்டு ஆலைகளில் தொழிலாளிக்கு இந்த நாள் சும்மா கிடைத்துவிடவில்லை. பம்பாய் பஞ்சாலைகளில் விடியலிலிருந்து இருட்டும்வரை வேலை நடந்த காலத்தில், நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் தொழிலாளரை ஒன்று கூட்டி, 1884-ல் வார விடுமுறை கேட்டு விண்ணப்பம் தயாரித்தார். பலமுறை கேட்டபின், 1890 ஜூன் மாதம் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தார்கள். அடுத்த ஆண்டு, 1891-ல், தொழிற்சாலைச் சட்டத்திலும் வார விடுமுறை சேர்ந்தது. அதே 1891 மே மாதத்தில்தான் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பானவர், தொழிலாளரைப் பற்றிய தமது புகழ்பெற்ற நிருபத்தில், உழைப்பவனுக்கு ஞாயிறு ஓய்வு உரிமை என்று எழுதினார். பின்னர் 1947-ல் சென்னை மாகாணக் கடைகள் சட்டம், கடைச் சிப்பந்திக்கும் வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை உண்டென்று விதித்தது.

இவ்வளவு பிரயாசைப்பட்டு நம் முன்னோர் வாங்கிக் கொடுத்த நாளை, என்ன செய்தோமென்று தெரியாமலே தொலைத்துவிடலாமா?

2. அதைக் கெடுப்பவை

முதலாவது, கடன் வாங்கிய சந்தோஷம். கோடை என்றால் கொடைக்கானல் என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1845-ல் முதன்முதல் அங்கே கோடைக்கென வீடு கட்டியவர்கள், மதுரைப் பக்கத்தில் உழைத்துக் காய்ச்சலால் நலிந்த அமெரிக்க மிஷனரிமார்கள். வசதியுள்ளவர்கள் மலையேறட்டும், அதில் குற்றமில்லை. ஆனால் இரண்டு நாள் குளிருக்காக ஆறு மாதம் வட்டி கட்டுகிற வீட்டில், ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் கட்டும் நேரத்தில் எத்தனை மனஸ்தாபம்!

இரண்டாவது, ஒருவர் ஓய்வுக்காக இன்னொருவர் இரட்டை வேலை செய்வது. ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிச்சோறு என்று நாம் விதித்திருக்கிறோம். நல்லது. ஆனால் கத்திரி வெயிலில் காலை எட்டு மணிமுதல் நண்பகல்வரை அடுப்பின் முன் நிற்பவள் யார்? சாப்பிட்டுவிட்டு நாம் படுக்கும்போது பாத்திரம் துலக்குபவள் யார்? தாய்க்கு ஓய்வில்லாத நாளைக் குடும்பத்தின் ஓய்வு நாள் என்று சொல்ல முடியாது. தகப்பனார் வெங்காயம் உரிக்கட்டும். மூத்த பையன் தண்ணீர் எடுத்து வைக்கட்டும். பெண்பிள்ளை மட்டுமே எல்லாம் செய்ய வேண்டுமென்று எந்தச் சட்டமும் இல்லை. வாரம் ஒரு வேளையாவது பழைய சோறும் மோரும் மாங்காய் ஊறுகாயுமாக முடித்துக்கொண்டால், கோடையில் வயிற்றுக்கும் நல்லது, அம்மாவுக்கும் நல்லது.

மூன்றாவது, ஞாயிறே இல்லாத வீடு. ஜவுளிக் கடையிலும் நகைக் கடையிலும் ஓட்டலிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை செய்வோர் நம் பங்கில் பலர். மாசி வீதிகளில் ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரம் அதிகம். நாள் முழுதும் நின்றே வேலை பார்க்கும் கடை ஊழியர் உட்கார இருக்கை தரவேண்டுமென்று தமிழகச் சட்டமன்றம் சட்டம் கொண்டுவந்ததே 2021-ல்தான். அப்படிப்பட்ட வீட்டில் அப்பாவுக்கோ அக்காளுக்கோ செவ்வாய்க்கிழமை விடுமுறை என்றால், அந்தச் செவ்வாய்க்கிழமையையே குடும்பத்தின் விசேஷ நாளாக வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. எந்தக் கிழமையும் அவர்களுக்கு ஒன்றே. நல்ல சாப்பாட்டையும் வெளியே போவதையும் அவர் இருக்கும் நாளுக்கு மாற்றுங்கள். அவர் இல்லாமல் எல்லாரும் சிரித்துத் தீர்த்துவிட்டு, இரவு பத்து மணிக்கு வருபவருக்கு மூடி வைத்த தட்டை மட்டும் கொடுப்பது அன்பாகாது.

3. கையெட்டும் தூரத்தில்

மதுரையைச் சுற்றி அரை நாளில் போய் வரத்தக்க இடங்கள் பல உண்டு. சிலவற்றைச் சொல்லுகிறோம்.

கீழடி: நகருக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர். 2015 முதல் இங்கே நடந்த அகழாய்வில் சங்ககால மக்களின் குடியிருப்பு வெளிப்பட்டது. 2023 மார்ச் மாதம் அருங்காட்சியகமும் திறந்தார்கள். அங்கே நூல் நூற்ற தக்களிகளைக் காணலாம். கூடவே தாயக்கட்டைகளையும், ஆட்டக்காய்களையும், ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகளையும் காணலாம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னரே வைகைக் கரையில் நெசவும் நடந்தது, விளையாட்டும் நடந்தது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். விடுமுறை நாள் எதுவென்று முன்னதாகக் கேட்டுக்கொண்டு புறப்படுவது நல்லது.

இடைக்காட்டூர்: அதே மானாமதுரைப் பாதையில் இன்னும் சற்றுத் தூரம் போனால், பிரெஞ்சு நாட்டுச் சேசுசபைக் குரு பெர்டினான்ட் செல் 1894-ல் கட்டிய திரு இருதய ஆலயம் இருக்கிறது. கோத்திக் முறையில் எழும்பிய அந்தக் கோபுரங்களைச் சுற்றி வயலும் கருவேலமரமுமாய் இருப்பது ஒரு தனிக் காட்சி. காலையில் அங்கே ஜெபித்துவிட்டுத் திரும்பும் வழியில் கீழடியைப் பார்க்கலாம்.

கீழக்குயில்குடிச் சமணர் மலை: நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகே. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமர நிழல். மேலே ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட சமணச் சிற்பங்கள். விடியற்காலையில் ஏறி, வெயில் ஏறுமுன் இறங்கிவிட வேண்டும்.

அரிட்டாபட்டி: மேலூர்ப் பக்கம். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் வரவிருந்ததைக் கிராமத்தார் ஒன்றுகூடி எதிர்த்தார்கள்; 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தாயிற்று. அவர்கள் காப்பாற்றிய இடத்தில் நாம் பிளாஸ்டிக் குப்பையை விட்டு வரலாகாது.

காந்தி நினைவு அருங்காட்சியகம்: தமுக்கத்தில் ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் 1959-ல் நேரு திறந்துவைத்தது. மகாத்மா தமது நீண்ட உடையை விட்டு அரையாடை பூண்டது இதே மதுரையில், 1921 செப்டம்பரில் என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

இவ்வளவு தூரமும் முடியாதவர்கள், மாலை ஐந்தரைக்கு மேல் தெப்பக்குளக் கரைச் சுவரில் ஒரு மணி நேரம் உட்காரட்டும். ஆளுக்கொரு பொட்டலம் கடலை போதும். வீடு திரும்பும்போது பருத்திப்பால் ஆளுக்கு ஒரு தம்ளர்.

4. வீட்டிலேயே

வெளியே போக முடியாத ஞாயிறும் உண்டு. அப்போது நுங்கு வாங்குங்கள். நுங்கைத் தின்றபின் கூந்தலை எறியாமல், இரண்டை ஒரு குச்சியில் கோத்துக் கவைக்கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி தயார். இதைச் செய்யத் தெரிந்த தாத்தாக்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்க ஆளில்லை, அவ்வளவுதான். பகல் பதினொன்று முதல் நாலு மணிவரை பிள்ளைகளை வெயிலில் விடாமல், திண்ணையிலோ கூடத்திலோ தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம் ஆடலாம். அந்த நேரத்தில் எல்லாருடைய கைப்பேசியும் அலமாரிக்குள் இருக்கட்டும், பெரியவர்களுடையதும் சேர்த்துத்தான்.

5. ஓர் எச்சரிக்கை

கோடையில் கிணற்றிலும் கண்மாயிலும் கல்குவாரிக் குட்டையிலும் குளிக்கப் போய்ப் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் உண்டு. நீச்சல் தெரிந்த பெரியவர் கூட இல்லாமல் ஒரு பிள்ளையையும் தண்ணீருக்கு அனுப்பாதீர்கள். வெயிலில் போகும்போது குடிதண்ணீரும் தலைக்குத் துண்டும் மறக்க வேண்டாம். தலை சுற்றல், வாந்தி, மயக்கம் கண்டால் உடனே நிழலில் படுக்க வைத்து, உடம்பை ஈரத்துணியால் துடைத்து, தாமதமின்றி வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

குடும்பமாய்ப் பேசிக்கொள்ள

1. சென்ற ஞாயிறு நம் வீட்டில் யார் அதிகம் இளைப்பாறினார்? யார் சற்றும் இளைப்பாறவில்லை?

2. எல்லாரும் வீட்டிலிருக்கும் நாள், அல்லது மணி நேரம், எது?

3. நூறு இருநூறு ரூபாய்க்குள் நாம் சேர்ந்து செய்யக்கூடிய காரியம் என்ன? அதைப் பிள்ளைகளே சொல்லட்டும்.

4. நம் தெருவில் தனியாயிருக்கும் முதியவர், அல்லது வெளியூரிலிருந்து வந்து கடையில் வேலை செய்யும் பையன் யாராவது உண்டா? அடுத்த முறை அவரையும் அழைக்கலாமா?

இவ்வாரத் தீர்மானம்: வருகிற ஓய்வு நாளில் அம்மாவை ஒரு வேளை அடுப்படிக்குள் விடுவதில்லை.