இழவும் திருவருளும்

உயிர்கட்குப் பிறவியில் உறுவன ஆறு என்பது சித்தாந்த நூற்றுணிபு. பெறுதலும் இழத்தலும், இன்புறுதலும் பிணியுறுதலும், மூத்தலும் இறத்தலும் என்பன அவை. இவ்வாறும் கருவிலேயே அமைந்தன என்பதனை அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில் விளக்கியருளினார். சைவ நூல் பயில்வாருள் இதனை ஓதாதார் இலர். ஆயினும், மகவை இழந்தார் முன்னும், பல்லாண்டு முயன்ற முயற்சி முறியக் கண்டார் முன்னும் நின்று இதனைக் கூற நேர்ந்துழிக் கற்றார் நாவும் தடுமாறுகின்றது. சிவம் என்னும் சொற்கு மங்கலம் என்பது பொருளாயின், அம்மங்கலப் பொருள் எனக்கு இதனை ஏன் செய்தது என அவர் வினவுவர். அவ்வினாவிற்குரிய விடையை யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

வினையே இழவைத் தருமெனின் இறைவன் வேண்டா. இறைவன் தருவானெனின் அவன் இரக்கமிலன் ஆவன் என்பாரும் உளர். அற்றன்று. வினை சடம், தன்னைச் செய்தானைத் தேர்ந்து சென்று பற்றும் அறிவு அதற்கு இல்லை. உயிர் அறிவுடைத்தாயினும் ஆணவத்தால் மறைப்புண்டு கிடத்தலின், தனக்குரிய பயனைத் தானே அறிந்து எடுத்துக்கொள்ள மாட்டாது. அறியினும், துன்பத்தைத் தானே விரும்பிக் கொள்வார் யார்? ஆகலின் இரண்டனையும் கூட்டுவிப்பான் ஒருவன் வேண்டும். அக்கூட்டுவிப்பு விருப்பு வெறுப்பால் நிகழ்வதன்று. மலம் கழிதற்பொருட்டு நிகழ்வது. ஐந்தொழிலுள் அழித்தல் இளைத்த உயிர்க்கு ஓய்வளித்தல் என்றும், மறைத்தல் மலத்தைப் பக்குவப்படுத்தல் என்றும் நம் ஆசிரியர் கொண்டது இக்கருத்துப் பற்றியேயாம். உமாபதி சிவாசாரியார் திரோதான சத்தியை மலம் எனக் கூறியதும், அது மலத்தோடு நின்று தொழிற்படுதல் பற்றிய உபசாரமே. இயல்பால் அஃது அருளே என்க.

நாற்றங்காலில் செழித்து நிற்கும் நாற்றிற்குப் பறிப்புண்ணுதல் இழவே. வேர் அறும், முடியாகக் கட்டுண்ணும், நட்ட பின்னும் சின்னாள் வெளிறி வாடும். பறியாது விடப்படுமாயின், நெருங்கி நின்று நல்ல கதிர் ஈனாது கெடும். உழவன் அதனை வெகுண்டு பறித்திலன். எனினும் இஃது ஒருபுடை உவமையே. நாற்றுத் தன் வாட்டத்தை உணராது, உயிர் உணரும். ஆகலின், உவமை கூறிய அளவில் துன்புற்றார் உள்ளம் ஆறுமெனக் கொள்ளற்க. இழந்தும் இறைவனை இழவாத அடியார் வரலாற்றின்கண் சென்று காண்டல் வேண்டும்.

திருவொற்றியூரில் மகிழின் கீழ்ச் சங்கிலியாரைப் பிரியேன் எனச் சூளுற்ற நம்பியாரூரர், இளவேனில் வரத் திருவாரூரை நினைந்து ஒற்றியூர் எல்லையைக் கடந்த அளவில் இரு கண்ணும் ஒளி இழந்தார். இறைவன் அவர்க்குத் தோழன். ஆயினும் சூள் பிழைத்ததன் பயனைத் தோழமை விலக்கிற்றில்லை. திருவெண்பாக்கத்தில் அவர் பெற்றது ஊன்றுகோல் ஒன்றே. பின்னர்க் காஞ்சியில் இடக்கண் பெற்றார்; திருத்துருத்தியில் உடற்பிணி நீங்கினார்; திருவாரூரில் வலக்கண் பெற்றார்.

ஈண்டு நோக்கற்பாலன இரண்டு. அருள் படிப்படியாக வந்தது என்பது ஒன்று. கோல் கண்ணாகாது, எனினும் அடுத்த தலத்திற்கு நடத்தற்கு அது போதும். இழந்தது முழுதும் உடனே வாராமையால் அருள் வந்திலது என்பார், தம் கையில் உள்ள கோலை நோக்காதார் ஆவர். நம்பிகள் வாய்வாளாது இருந்திலர் என்பது மற்றொன்று. தலந்தோறும் உரிமையோடு முறையிட்டார், வன்சொல்லும் கூறினார். முறையிடுதல் நம்பிக்கைக்கு மாறாகாது. கேட்பார் இலர் எனத் துணிந்தவன் எவரிடத்தும் முறையிடான்.

அவ்வெண்பாக்கத்துப் பழந் திருக்கோயில், 1944ஆம் ஆண்டில் அமைந்த பூண்டி நீர்த்தேக்கத்துள் அகப்பட்டது. பூண்டியில் வேறிடத்தே கோயில் எடுக்கப்பெற்று வழிபாடு நிகழ்கின்றது. கோல் அளித்த தலமும் தன் இடத்தை இழந்தது; வழிபாட்டை இழந்திலது.

அற்றேல், இழந்தது மீளாதாயின் என்னை எனின், கூறுதும். காரைக்காலம்மையாரை அஞ்சி நீங்கிய பரமதத்தன் பாண்டி நாட்டில் வேறு மணஞ் செய்து, பெற்ற மகட்கு அம்மையார் பெயரையே இட்டனன். சுற்றத்தார் அம்மையாரை அவன்பாற் கொண்டுசென்றபோதும் அவன் அவரை மனைவியாக ஏற்றிலன், அடிவீழ்ந்து வணங்கினன். அவ்வில்வாழ்க்கை மீளவேயில்லை. அம்மையார் அதனை மீட்டுத் தருமாறு இரந்திலர்; கணவன்பொருட்டுத் தாங்கிய அழகுடம்பையும் கழித்தருள வேண்டினார். கயிலையில் இறைவனே அவரை அம்மை என்றழைத்தனன். ஒருவர்க்கு இழந்தது மீண்டது, ஒருவர்க்கு மீண்டிலது. இருவர்க்கும் பொதுவாவது, இறைவன் கைவிட்டிலன் என்பதொன்றே. ஆகலின், இழந்த பொருள் மீளும் என்பதன்று நம் நம்பிக்கை. இழந்த உயிரை இறைவன் இழவான் என்பதே நம் நம்பிக்கை.

இனி, சைவர் கைக்கொள்ளற்பாலது ஒன்று உண்டு. வினை என்னும் சொல் தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்கு உரியது. பிறர் துன்பத்தைப் பழித்தற்கு உரியதன்று. இழவு வீட்டில் நின்று, இஃது உன் பழவினை என்பான் கூறியது நூற்பொருளேயாயினும், கூறிய இடமும் காலமும் பிழை. இறைவன் நம்பிகட்கு முதற்கண் அளித்தது உபதேசமன்று, கோல். ஆங்கு உடனிருத்தலும், உணவளித்தலும், செய்வன செய்தலுமே நம்மால் ஊன்றத்தக்க கோல். உள்ளம் ஆறிய பின்னர் அவர் தாமே வினவுவர். அப்பொழுது நூல் கூறுக. அருள் நம் கைவழியும் செல்லும் என்பதனை உணர்ந்து ஒழுகுவார்க்கு, இறைவன் நல்லன் என்பதனைச் சொல்லால் நாட்டவேண்டுவது மிகச் சிறிதேயாம்.

திருச்சிற்றம்பலம்.