இரண்டு தொட்டி வைத்தால் போதுமா?



பள்ளிக்கூடத்தில் மறுசுழற்சித் திட்டம் என்று சொன்னவுடன் நம் மனசில் வருவது என்ன? பச்சைத் தொட்டி ஒன்று, நீலத் தொட்டி ஒன்று, சுவரில் ஒரு வாசகம், தொடக்க விழாவில் ஒரு போட்டோ. அவ்வளவுதான்! ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் இரண்டு தொட்டியிலும் ஒரே குப்பை. ஏன் இப்படி ஆகிறது? இதற்கு விடை நம்ம முசிறியிலேயே இருக்கிறது. அதுவும் வாய்விட்டுப் பேசக் கூச்சப்படுகிற ஒரு பொருளில் இருக்கிறது. சிரிக்காமல் மேலே படிக்கவும்.

முசிறி காவிரிக் கரை ஊர். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். இந்த மாதிரி மண்ணில் குழி தோண்டிக் கக்கூஸ் கட்டினால் கழிவு நிலத்தடி நீரில் போய்க் கலக்கும். இதற்கு மாற்றாகத்தான் திருச்சியைச் சேர்ந்த 'ஸ்கோப்' தொண்டு நிறுவனம் 'ஈகோசான்' என்ற கழிப்பறையை இங்கே கொண்டு வந்தது. அதன் நிறுவனர் மராச்சி சுப்புராமன் அவர்களுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. முசிறி சாலியர் தெருவில் பொதுக் கழிப்பறையே இந்த முறையில் கட்டினார்கள். மற்ற ஊரில் காசு கொடுத்து உள்ளே போகணும். இங்கே 2008-ல் உள்ளே போனவர்களுக்கு ஒரு தடவைக்கு 10 பைசா கொடுத்தார்கள்! வெளிநாட்டுப் பத்திரிகை வரைக்கும் செய்தி போனது.

எல்லாரும் அந்த 10 பைசாவைப் பற்றியே பேசினார்கள். சிவில் மாணவனான எனக்கு அந்த பேசின்தான் பெரிசாகப் படுகிறது. அதில் வழிகள் மூன்று. மலம் நடு ஓட்டை வழியாகக் கீழே உள்ள அறைக்குப் போகும். சிறுநீர் முன்பக்கக் குழாய் வழியாக டிரம்முக்குப் போகும். கால் கழுவும் தண்ணீர் தனியாகச் செடிப் பாத்திக்குப் போகும். தரைக்கு மேலேயே இரண்டு அறைகள் கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு கை சாம்பல் போடணும். ஓர் அறை நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பார்கள். மூடினது காய்ந்து மட்கி எருவாகிவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது என்னவென்றால், பிரிப்பது பிறகு யாரோ ஒருவர் கையால் நடப்பதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே, அந்த நிமிஷத்திலேயே, பேசினே பிரித்துவிடுகிறது. பிரிந்த பொருளுக்கு மறுமுனையில் வயல் காத்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டும்தான் நம் பள்ளிக்கூடத் தொட்டிகளில் இல்லை.

இதை நான் சும்மா எழுதவில்லை. எங்கம்மா தூய்மைப் பணியாளர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அம்மா வேலை பார்த்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடம், பெயர் வேண்டாம். இரண்டு கலர் தொட்டியும் அங்கே உண்டு. ஆனால் சாம்பார் சாதத்துக்குள் பேனா ரீபிளும் உடைந்த கண்ணாடியும் கிடக்கும். அதைப் பிரித்தது அம்மா கைதான். உள்ளங்கையில் இரண்டு தழும்பு இருக்கிறது. "புள்ளைங்க நல்ல புள்ளைங்கதாண்டா, எதை எதுல போடணும்னு அதுங்களுக்கு யாரு காட்டுனா?" என்பார். குப்பையைப் பிரித்தால் பூமி பிழைக்கும் என்று போஸ்டரில் போடுகிறார்கள். அம்மா கையும் பிழைக்கும் என்று எந்தப் போஸ்டரிலும் நான் பார்த்ததில்லை.

சரி, பள்ளியில் என்ன செய்யலாம்? முதலில் எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிற பொருளிலிருந்து ஆரம்பிக்கணும். பேப்பருக்கு ஆள் உண்டு. ஆற்றோடு மேற்கே போனால் கரூர் மாவட்டம் புகளூரில் டி.என்.பி.எல். ஆலை பழைய பேப்பரின் மையை நீக்கிக் கூழாக்குகிறது. ஆனால் சாம்பார் பட்ட பேப்பரைப் பழைய பேப்பர் கடைக்காரர்கூடத் தொடமாட்டார். ஆகவே பேப்பருக்கு வகுப்பறையிலேயே ஒரு அட்டைப்பெட்டி, சாப்பாட்டு மிச்சத்துக்குச் சத்துணவுக்கூடம் பக்கத்திலேயே ஒரு எருக்குழி, அதன் மேலே போட வேப்பிலைச் சருகு. சிப்ஸ் கவருக்கு வாங்க ஆளே கிடையாது. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டியிருப்பதால் பிரிப்பது கஷ்டம். அதை வாசலிலேயே நிறுத்துவதுதான் வழி.

இனி நம் கணக்குக்கு வருவோம். 300 பிள்ளைகள், நாளுக்கு 2 தடவை, தடவைக்கு 200 மில்லி என்று வைத்தால் 120 லிட்டர் சிறுநீர். லிட்டருக்கு 5 கிராம் நைட்ரஜன் என்றால் நாளுக்கு 600 கிராம். 200 பள்ளி நாளுக்கு 120 கிலோ! யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். ஆக 260 கிலோ யூரியா, 45 கிலோ மூட்டையில் கிட்டத்தட்ட 6 மூட்டை. வாழை போட்டவர் வேண்டாம் என்பாரா?

ஆனால் இதில் சிக்கலும் உண்டு. எல்லாப் பயிருக்கும் ஊற்றுவதென்றால் 6 மாதம் மூடி வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டி. 6 மாதத்தில் 100 பள்ளி நாள் என்றால் 12,000 லிட்டர். ஒன்று நிறையும்போது இன்னொன்று ஆறணும், ஆகவே தொட்டி இரண்டு வேண்டும். மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் நைட்ரஜன் அமோனியாவாகப் பறந்துவிடும், நாற்றமும் வரும். இரும்புக் குழாய் அரித்துப்போகும், பி.வி.சி.தான் போடணும். அதிலும் வெள்ளையாக உப்புப் படிந்து அடைக்கும். சரிவு 100-க்கு 1-க்குக் குறையக் கூடாது, வளைவுகள் குறைவாக இருக்கணும், திறந்து சுத்தம் செய்ய மூடி வைக்கணும்.

இந்தக் குழாய் அமைப்பை வரைந்து வைத்திருக்கிறேன். தொட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் நிற்கிறது. சிவில் மூன்றாம் ஆண்டு அண்ணன்கள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால், மதில் ஓரத்து இடத்தை நாடா பிடித்து அளந்துவிடலாம்.