தேநீர்க் கடைப் பணியாளர்க்கு இணையவழிப் பயிற்சி
(ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர்)

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையிலான நிலப்பகுதி, முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஏரிப் பாசனத்தை நம்பிய நெல் வயல்கள் சூழ்ந்ததாய் இருந்தது. 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிற்று. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2024 ஆகஸ்டு மாதத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க குடியிருப்பு திறக்கப்பெற்றது. ஆலைகள் இரவும் பகலும் ஓடுகின்றன. ஷிப்டு மாறும் வேளைகளில் சாலையோரத் தேநீர்க் கடைகளில் கூட்டம் நிரம்பி வழிகிறது.

இக்கடைகளைச் சிறியவை என்று எண்ணி ஒதுக்குதல் தகாது. உழவர் கறக்கும் பால் இங்கு விலையாகிறது. ஊர்ச் சாலையோரத்துக் கட்டடங்கள் வாடகை ஈட்டுகின்றன. நம் இளைஞரும், பீகார், ஒடிசா, அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளரும் இங்கு வேலை பெறுகின்றனர். ஆகவே கடையின் தூய்மை கடைக்காரர் ஒருவருடைய கவலை மாத்திரமன்று. ஊராட்சியின் கவலையும் ஆகும்.

பயிற்சி ஏன் வேண்டும்?

2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் அருகிலுள்ள மின்னணுத் தொழிற்சாலை ஒன்றின் பெண் தொழிலாளர் விடுதியில் உணவு நஞ்சாயிற்று. 250க்கு மேற்பட்டோர் நோயுற்றனர்; 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தொழிலாளர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்தனர். ஆலையும் சில வாரங்கள் மூடப்பட்டது. அது தேநீர்க் கடையில் நேர்ந்ததன்று. விடுதிச் சமையலில் நேர்ந்தது. எனினும், பலர் ஒரே பாத்திரத்திலிருந்து உண்ணுமிடத்தில் ஒருவருடைய அறியாமை நூற்றுக்கணக்கானோரைப் படுக்கையில் தள்ளும் என்னும் பாடம் எல்லோர்க்கும் பொது.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டமும், அதன்கீழ் 2011இல் நடைமுறைக்கு வந்த விதிகளும், சிறு கடைகளுக்குப் பதிவையும் பெரியவற்றிற்கு உரிமத்தையும் வகுத்துள்ளன. உணவைக் கையாள்வோர்க்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்பதும் விதி. 2017 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பயிற்சியும் சான்றிதழும் அளிக்கும் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது; உரிமம் பெற்ற நிறுவனங்களில் 25 பணியாளர்க்கு ஒரு பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் என்பது அதன் கணக்கு. சட்டம் சிறு கடையை அவ்வளவுக்கு வற்புறுத்தாவிடினும், நோய்க்குச் சிறு கடை, பெரிய கடை என்ற வேறுபாடு கிடையாது.

இணையவழிப் பயிற்சி என்பது யாது?

கைப்பேசியில் சிறுசிறு பாடங்களாகப் படமும் பேச்சும் வரும். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் சில வினாக்கள் கேட்கப்படும். விடை தவறினால் பாடத்தை மீண்டும் கேட்கலாம். எவர் எந்தப் பாடத்தை முடித்தார் என்பது பதிவாகும். வகுப்பறைக்குச் செல்ல ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை. தமிழ் அறியாதவர்க்கு அவரவர் மொழியில் பாடம் அமைக்கவும் வழியுண்டு.

இம்முறை பெரிய நிறுவனங்களுக்குப் புதிதன்று. அமெரிக்காவின் ஸ்டார்பக்ஸ் காபி நிறுவனம், தன் கடைப் பணியாளர் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இணையவழியே பட்டம் பெற 2014இல் ஏற்பாடு செய்தது. நம் நாட்டிலும் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1956இல் புனே வானொலி நிலையம், யுனெஸ்கோவின் துணையுடன், ஏறத்தாழ 150 கிராமங்களில் வானொலி மன்றங்களை அமைத்தது. மக்கள் கூடி ஒலிபரப்பைக் கேட்டனர், விவாதித்தனர், பின்னர்ச் செயலில் இறங்கினர். கருவி மாறினும் இந்த மூன்று படிகளும் இன்றும் பொருந்தும். பாடத்தைத் தனியே கேட்பதினும், நால்வர் கூடிக் கேட்டுப் பேசுதல் நன்று.

ஆறு வாரப் பாடத்திட்டம்

நாளொன்றுக்குப் 10 நிமிடம், வாரத்தில் 6 நாட்கள் என ஒதுக்கினால், ஆறு வாரத்தில் 6 மணி நேரப் பயிற்சி கிட்டும். பாடங்களைப் பின்வருமாறு வகுக்கலாம்.

1. கை: சோப்பிட்டு 20 விநாடியேனும் தேய்த்துக் கழுவுதல். பணத்தைத் தொட்ட கையால் வடையைத் தொடாமை. வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ உள்ளவர் அன்று பாத்திரம் தொடாமை.

2. நீர்: குழாயில் வரும் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும். மேல்நிலைத் தொட்டியில் மருந்திடுவது ஊராட்சியின் கடமை. சேமிக்கும் குடத்தை மூடிவைப்பது கடையின் கடமை.

3. பால்: 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் விரைந்து பெருகும். ஆகவே பாலைக் குளிர்ச்சியாகவோ நன்கு சூடாகவோ வைத்தல் வேண்டும். வெதுவெதுப்பாக வைத்தல் ஆகாது. பழைய பாலைப் புதுப்பாலுடன் கலத்தல் கூடாது. காய்ச்சி ஆறிய பாலில் சில துளி அயோடின் இட்டால் நீலநிறம் தோன்றுமாயின், அதில் மாவு கலந்துள்ளது என அறியலாம்.

4. தூளும் டிகாக்ஷனும்: நனைத்த வடிதாளின்மேல் தேயிலையைப் பரப்பினால், சாயம் ஏற்றிய தேயிலை உடனே கறை விடும். சிக்கரி கலந்த காபித்தூளில் காபி 51 விழுக்காட்டிற்குக் குறையாதிருத்தல் வேண்டும். நேற்றைய டிகாக்ஷனை இன்றைக்கு ஊற்றுதல் கூடாது.

5. கிளாசும் பொட்டலமும்: எச்சில் கிளாசை ஒரே வாளி நீரில் அலசி எடுப்பது கழுவுதல் ஆகாது. சோப்பு, ஓடும் நீர், பிறகு வெந்நீர் என்பதே முறை. ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் குவளை, பை முதலியவை 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. அச்சிட்ட செய்தித்தாளில் வடை, பஜ்ஜி மடித்தலும் ஆகாது. அச்சு மை உணவில் ஏறும்.

6. எண்ணெய்: மீண்டும் மீண்டும் காய்ந்த எண்ணெயில் துருவச் சேர்மங்கள் மிகும். அவை 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தலாகாது. கருத்து, நுரைத்து, புகையும் எண்ணெயைக் கழித்துவிட வேண்டும்.

கைப்பேசி கற்பிக்க இயலாதவை

டிகாக்ஷனின் பதமும், பாலை ஆற்றும் கைத்திறமும் படத்தைப் பார்த்து மாத்திரம் வருவன அல்ல. அவற்றை அனுபவமிக்க டீ மாஸ்டரிடம் நின்றுதான் கற்க வேண்டும். ஆகவே காலையில் பாடம் கேட்டு, மாலையில் அதையே கடையில் செய்து காட்டச் சொல்லுதல் சிறந்த முறை. பணியாளர்க்குப் பதிலாக முதலாளியே வினாக்களுக்கு விடையளித்துச் சான்றிதழ் பெறுவதால் பயனில்லை. சான்றிதழ் சுவரில் தொங்கலாம். அதன் மெய்ம்மையை உரைப்பது கிளாசின் அடிப்புறமே.

ஓர் ஐயம்

"பயிற்சி கொடுத்த பின் பையன் அடுத்த கடைக்குப் போய்விடுவானே" என்று கடைக்காரர் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஒரு கடை மட்டும் பயிற்சியளித்தால் அந்த இழப்பு நேரலாம். ஊரிலுள்ள கடைகள் யாவும் ஒருங்கே பயிற்சியளித்தால், போகிறவரும் பயிற்சி பெற்றவர், வருகிறவரும் பயிற்சி பெற்றவரே. இதனாலேயே இப்பணியைத் தனிக் கடைக்காரரிடம் விட்டுவிடாமல் ஊராட்சி முன்னின்று நடத்துதல் வேண்டும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

முதலாவதாக, ஊராட்சி எல்லையிலுள்ள உணவுக் கடைகளையும் பணியாளரையும் கணக்கெடுக்க வேண்டும். இரண்டாவதாக, ஊராட்சி அலுவலகத்தில் இணைய வசதி இருப்பின், பகலில் கூட்டமில்லாத வேளையில் அதனைப் பயிற்சிக்குத் திறந்துவிடலாம். மூன்றாவதாக, சிற்றுண்டிக் கடை நடத்தும் மகளிர் சுய உதவிக் குழுக்களை முதல் அணியாகச் சேர்க்கலாம். நான்காவதாக, உணவுப் பாதுகாப்பு அலுவலரை அழைத்துச் செயல்முறை விளக்கம் நடத்தலாம். ஐந்தாவதாக, பயிற்சி முடித்த கடைகளின் பெயர்களைக் கிராம சபையில் வாசித்துப் பாராட்டலாம். சான்றிதழ் வாங்கித் தருவதாகக் கூறிப் பணமும் கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணும் கேட்போரிடம் எச்சரிக்கையாய் இருக்குமாறும் அங்கேயே அறிவுறுத்த வேண்டும்.

உழவர் பெருமக்களுக்கும் இதில் பங்குண்டு. தூய பாத்திரத்தில் கறந்து, தாமதமின்றிக் கடையில் சேர்த்த பால்தான் மேற்சொன்ன பாடங்களுக்கு அடிப்படை. கறவையிடத்தில் தவறிய தூய்மையைக் கடையில் ஈடுசெய்தல் அரிது.

இரவு ஷிப்டு முடித்து வரும் தொழிலாளி நம் ஊரில் அருந்தும் ஒரு கிளாஸ் தேநீர் அவருக்கு நலம் தருவதாக அமையட்டும். அடுத்த கிராம சபையிலேயே இதனைப் பொருளாக வைத்து, ஒவ்வோர் ஊராட்சியும் பத்துக் கடைகளுடனேனும் இப்பணியைத் தொடங்குமாக.