காய்ச்சல் விட்ட பிறகும் மண்ணீரலை மறக்க வேண்டாம்

கடப்பாக்கத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு மலேரியா பாடம் நடத்தியபோது, அந்நோய் வந்து குணமாகித் திரும்பியிருந்த மாணவன் எழுந்தான். சென்னையில் கட்டட வேலை செய்யும் தந்தையிடம் விடுமுறைக்குச் சென்றவன் அவன். “காய்ச்சல் போயிடுச்சு சார். ஆனா டாக்டர் இன்னும் கபடி ஆடக் கூடாதுன்னு சொல்றாரு, ஏன்?” என்றான். எனக்கு உடனே விடை வரவில்லை. படித்துவிட்டு மறுநாள் நடத்திய பாடம் இது.

முதலில் எல்லோரையும் கைவிரல்களை மடக்கி, இடப்பக்கக் கீழ் விலாவின்மேல் வைக்கச் சொன்னேன். மண்ணீரல் ஏறக்குறைய அந்த அளவுதான். பெரியவர்களுக்குச் சுமார் 150 கிராம் இருக்கும். அடுத்து, டீ வடிகட்டியைக் காட்டினேன். முதிர்ந்த சிவப்பணுக்களை மண்ணீரல் இப்படித்தான் வடிகட்டுகிறது. மலேரியாவில் ஒட்டுண்ணி புகுந்த அணுக்களும் அங்கே சிக்குவதால் அது வீங்குகிறது. பிறகு ஒரு பலூனை ஊதினேன். ஊத ஊத அதன் தோல் மெலிந்தது. வேகமாக வீங்கும் மண்ணீரலின் மேலுறையும் அப்படியே இழுபடுகிறது.

வீக்கம் மலேரியாவில் சாதாரணம். அரிதாகச் சிலருக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டு ஒரு பகுதி செயலிழக்கலாம். உள்ளே இரத்தம் கசியலாம். மண்ணீரல் கிழியவும் கூடும். அடிபட்டால் மட்டுமன்றி, அடி ஏதும் படாமலும் இது நேரலாம். சென்னையில் அதிகம் காணப்படும் வைவாக்ஸ் வகையை லேசானது என்பார்கள். அதிலும் இந்த ஆபத்து உண்டு. அவ்வகையைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி கொசு, கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் முட்டையிடும்.

வரலாற்றையும் சேர்த்தேன். 1840களில் டெம்ப்ஸ்டர் என்ற மருத்துவர் வட இந்தியக் கால்வாய்ப் பகுதி மக்களின் மண்ணீரல் வீக்கத்தைக் கொண்டே காய்ச்சலின் பரவலை அளந்தார்.

ஆசிரியர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை:

• மலேரியாவிலிருந்து தேறிய குழந்தையை, மருத்துவர் அனுமதிக்கும்வரை கபடி, ஓட்டம், பளு தூக்குதலில் ஈடுபடுத்தக் கூடாது.

• இடப்பக்க மேல்வயிற்றில் வலி, இடது தோளில் வலி, தலைசுற்றல், முகம் வெளிறுதல் தோன்றினால் வயிற்றை அழுத்திப் பார்க்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

• வைவாக்ஸ் கல்லீரலில் பதுங்கியிருந்து மீண்டும் வரும். காய்ச்சல் விட்டாலும், மருத்துவர் தந்த மாத்திரைகளை முழுமையாக முடிக்கச் சொல்ல வேண்டும்.

அந்த மாணவன் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை கபடிக் களத்தின் ஓரத்தில் புள்ளிகள் குறித்தான். ஏன் ஆடவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் பலூன் கதையை அவனே விளக்கினான்.