வேணர் கண்ட எண்முகி

கோபாற்றுக் குளோரைட்டு அமோனியாவுடன் சேர்ந்து பல நிறச் சேர்வைகளைத் தரும். ஆறு அமோனியா உடையது மஞ்சள், ஐந்துடையது செவ்வூதா, நான்குடையது பச்சை. மூன்றிலும் குளோரீன் அணுக்கள் மூன்றே. ஆயினும் கரைசலில் வெள்ளிநைத்திரேற்றை இட்டவுடன் முறையே மூன்று, இரண்டு, ஒன்று எனவே அவை வீழ்படிவாகின்றன. எஞ்சியவை ஏன் வெளிவரவில்லை?

1893ஆம் ஆண்டில், இருபத்தாறு வயதினரான அல்பிரெட் வேணர் விடை பகர்ந்தார். உலோக அணுவைச் சூழ ஆறு இடங்கள் உள. அவை எண்முகியொன்றின் ஆறு முனைகள். அங்கே பற்றி நிற்கும் குளோரீன் எளிதில் விடுபடாது என்றார்.

கொப்பன்கேகன் நகரப் பேராசிரியர் யோர்கென்சென் இதனை ஏற்கவில்லை. இத்தகைய சேர்வைகள் பலவற்றை அரிதின் முயன்று ஆக்கியவர் அவரே. எண்முகி உண்மையாயின், நான்கு அமோனியாச் சேர்வை இருவகைப்படல் வேண்டும்: இரு குளோரீன்களும் எதிரெதிரே நிற்பது ஒன்று, அருகருகே நிற்பது மற்றொன்று. கையில் இருந்ததோ பச்சை ஒன்றே. பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. 1907இல் சூரிச் நகரில் வேணர் ஊதா நிறமான மற்றதையும் ஆக்கினார். யோர்கென்சென் தம் எதிர்ப்பைக் கைவிட்டார். (நம் மாணவர் விவாத அரங்குகளில் இத்தகைய முடிவை யான் கண்டதில்லை.) வேணரும் அம்முதியவரின் செய்முறைத் திறனைப் போற்றத் தவறியவரல்லர்.

1911இல் வலக்கையும் இடக்கையும்போல் வேறுபடும் கோபாற்றுச் சேர்வைகளை அவர் பிரித்தெடுத்தார், 1913இல் நோபெல் பரிசு பெற்றார், 1919இல் மறைந்தார்.

1921இல் அமெரிக்க ஆய்வாளர் விக்கோவும் பொஸ்னியாக்கும் பிளாற்றின உப்பொன்றின் பளிங்கினுள் எக்ஸ் கதிரைச் செலுத்தி ஆராய்ந்தனர். பிளாற்றின அணுவைச் சூழ்ந்து ஆறு குளோரீன்களும் எண்முகியின் முனைகளிலேயே நின்றன.