பட்டை ஈரமாக இருந்தால் வெட்டு இல்லை

மாசாய், ஜொகூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய டெஸ்ட் பிளானை இரண்டு தடவை படித்தேன். 28 பக்கத்தில் 27 பக்கம் நன்றாகவே வந்திருக்கிறது. பதினோராம் பக்கம்தான் தொண்டையில் நின்றது. "நுழைவு நிபந்தனைகள்: பில்ட் நிலையாக இருக்க வேண்டும். டெஸ்ட் சூழல் தயாராக இருக்க வேண்டும். தரவு போதுமான அளவு இருக்க வேண்டும்." அதற்குக் கீழே ஒரே வரி: "முடிப்பு நிபந்தனை: எல்லா டெஸ்ட் கேசும் பாஸ் ஆக வேண்டும்." வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருப்பேன். குரல் பதிவை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்பாய் என்று உன் அப்பா சொன்னான். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் தாத்தா கூலாய்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். சின்ன வயதில் நான் அவரோடு பெரட்டுக்குப் போயிருக்கிறேன். வருஷக் கடைசி மழைக்காலம். இருட்டு விலகுவதற்குள் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். ராத்திரி மழை பெய்திருந்தால் ஒருவரும் கத்தியை எடுக்க மாட்டார்கள். கங்காணி முதல் நிரைக்குப் போய், மரத்தில் வெட்டு விழும் பட்டையின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைப்பார். கை நனைந்தால் வெட்டு இல்லை. ஈரப் பட்டையில் வெட்டினால் பால் வெட்டுக்கோட்டோடு ஓடிக் கோப்பையில் விழாது, மரம் முழுக்க வழியும். வெட்டின இடத்தில் நோயும் ஏறும். வெட்டு இல்லையென்றால் அன்றைக்குக் கூலியும் இல்லை. அதனால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் "காஞ்சிருச்சு கங்காணி, காஞ்சிருச்சு" என்பார்கள், தாத்தாவும் சேர்ந்துதான். கங்காணி யாருக்கும் பதில் சொல்ல மாட்டார். வெயில் ஏறியதும் மறுபடி போய்த் தொட்டுப் பார்ப்பார்.

"பட்டை ஓரளவு காய்ந்திருக்க வேண்டும்" என்று அந்தத் தோட்டத்தில் விதி இருந்திருந்தால் தாத்தா தினமும் வெட்டப் போயிருப்பார். மரங்கள் சீக்கிரமே பட்டுப் போயிருக்கும். நிலையாக, தயாராக, போதுமான: நீ எழுதிய மூன்று சொல்லும் அந்த "ஓரளவு" ஜாதிதான். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஆளுக்கொரு அர்த்தத்தை மனதில் வைத்துக்கொண்டு. உன்னைப் பிடிக்காத ஒருவர் வந்து, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அந்தப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு "சரி" அல்லது "இல்லை" என்று குறி போட முடிய வேண்டும். முடிந்தால் அது நிபந்தனை. முடியாவிட்டால் அது ஆசை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், அடி வாங்கின தகுதிதான். கொள்கலன் கிடங்கு ஒன்றின் வாசலில் லோரியை எடை போட்டு உள்ளே விடும் மென்பொருள். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். சிஸ்டம் டெஸ்டிங்குக்கு நான் பொறுப்பு. "தரவு போதுமான அளவு" என்று எழுதியவனும் நான்தான். உன் பக்கத்தைப் பார்த்தபோது என் பழைய கையெழுத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. டெஸ்ட் சர்வரில் 2,000 லோரிப் பதிவு. ஒரு கேஸ் விடாமல் எல்லாம் பாஸ். நிஜ சர்வரில் பல வருஷத்துப் பதிவு, 4 லட்சத்துக்கு மேல். திங்கட்கிழமை காலை வண்டி எண்ணைத் தட்டினால் பதில் வர ஒரு நிமிஷம் ஆனது. எட்டரை மணிக்கெல்லாம் வரிசை பெரிய ரோட்டுக்கு வந்துவிட்டது. நம்மாள் டிரைவர் ஒருவர் இறங்கி வந்து சன்னல் கண்ணாடியைத் தட்டினார்: "தம்பி, கம்ப்யூட்டர் பசியாறப் போயிருச்சா?" மேலாளர் கத்தவில்லை. என் பிளானைத் திருப்பிக் காட்டி, "போதுமான என்றால் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். டிரைவருக்காவது சிரித்துச் சமாளித்தேன்.

ஆகவே பதினோராம் பக்கத்தைத் திரும்ப எழுது. பில்ட் நிலையாக என்பதற்குப் பதில்: பில்ட் எண் என்ன, அந்த எண்ணின் மேல் ஸ்மோக் டெஸ்ட் கேஸ்கள் அத்தனையும் ஒரே நாளில் பாஸா, இணைப்புச் சோதனை அறிக்கை கைக்கு வந்ததா, முதல் தர பக் ஏதாவது திறந்து கிடக்கிறதா. சூழல் தயார் என்பதற்குப் பதில்: எந்த சர்வர், அதில் எந்தெந்தப் பதிப்பு, டெஸ்ட் செய்யும் ஐந்து பேருக்கும் லாகின் வேலை செய்கிறதா. அதை அவர்களே உள்ளே போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும், டெவலப்பர் வாயால் இல்லை.

பதிப்பு விஷயத்தில் நான் நச்சரிப்பதாக உனக்குத் தோன்றும். அக்கரையில், சிங்கப்பூரில், நடந்ததை நினைத்துப் பார். 2017 நவம்பர் 15, காலை எட்டு மணி தாண்டி, ஜூ கூன் ஸ்டேஷனில் நின்ற ரயிலைப் பின்னால் வந்த ரயில் இடித்தது. 30 பேருக்கு மேல் காயம். அந்தத் தடத்தில் துவாஸ் பக்கம் புதிய சிக்னல் முறை, மிச்சத்தில் பழையது. முன்னால் போன ரயில் வழியில் பழுதான ஒரு சிக்னல் சுற்றைக் கடந்தது. அந்தச் சுற்றில் மென்பொருள் திருத்தம் இன்னும் ஏற்றப்படவில்லை. கடந்தபோது ரயிலைச் சுற்றி இருக்க வேண்டிய பாதுகாப்பு அம்சம் நீங்கிவிட்டது. பின்னால் வந்தது முதலில் சுமார் பத்து மீட்டர் தள்ளி ஒழுங்காக நின்றது. பிறகு, முன்னால் நிற்கும் ரயிலின் நீளத்தைக் கணினி தப்பாக எடுத்துக்கொண்டதால், தானாக நகர்ந்து போய் இடித்தது. அதன்பிறகு புதியதையும் பழையதையும் பிரித்து ஓட்டினார்கள். ஜூ கூனுக்கும் கல் சர்க்கிளுக்கும் நடுவே 2018 மே மாதம் வரை பஸ்தான். திருத்தம் எழுதியாயிற்று என்பது வேறு, எல்லா இடத்திலும் ஏற்றியாயிற்று என்பது வேறு. உன் பட்டியலில் இரண்டாவதற்கு ஒரு வரி வேண்டும்.

இன்னொரு விஷயம். டெவலப்பர் பக்கம் இணைப்புச் சோதனையை முடித்துவிட்டால் சிஸ்டம் டெஸ்டிங் தானாகத் தொடங்கிவிடும் என்கிற மாதிரி உன் அட்டவணை இருக்கிறது. நீ கடற்பாலத்தைத் தாண்டாத ஆளா? நம் பக்கத்துச் சாவடியான பங்குனான் சுல்தான் இஸ்கந்தரில் நம் அதிகாரி போகலாம் என்கிறார். அதற்காக சிங்கப்பூர்ப் பக்கம் உட்லண்ட்ஸில் சோதிக்காமல் விடுகிறார்களா? அங்கே மறுத்தால் திரும்பி ஜொகூர் பாருவுக்குத்தான் வர வேண்டும். சிங்கப்பூருக்கான ஆர்டிஎஸ் ரயிலுக்காகப் புக்கிட் சாகாரில் கட்டிய நிலையத்தில் இரண்டு நாட்டுச் சோதனையும் ஒரே கட்டடத்தில், புறப்படும் இடத்திலேயே நடக்கும்படி திட்டம். அங்கேயும் கவுண்டர் இரண்டுதான். டெவலப்பர்களுடைய முடிப்பு அவர்கள் கையெழுத்து. உன்னுடைய நுழைவு உன் கையெழுத்து. இரண்டையும் ஒரே ஆள் போட்டால் அது சோதனை இல்லை, வழியனுப்பு விழா.

இனி உன் வேலைக்கு வருகிறேன். உங்கள் மென்பொருள் மின் விலைப்பட்டியலுக்கானது. அதற்குக் கெடு வைத்தது வருமான வரி வாரியமான எல்எச்டிஎன். 2024 ஆகஸ்ட் 1-இல் ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேல் உள்ளவர்களோடு தொடங்கி, படிப்படியாக இறங்கி, 10 லட்சத்திலிருந்து 50 லட்சம் வெள்ளி வரை உள்ளவர்களுக்கு 2026 ஜனவரி 1 என்று வந்தது. உங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அந்தக் கடைசி ரகம்: பாசிர் கூடாங் லோரிக்காரர்கள், ஒர்க்‌ஷாப்காரர்கள். வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் சேண்ட்பாக்ஸ் என்ற சோதனைச் சூழலுக்குத் தனி லாகின், நிஜத்துக்குத் தனி. நீ பிளானில் சேண்ட்பாக்ஸ் லாகினைக் குறித்திருக்கிறாய், நல்லது. ஆனால் உன் 64-ஆம் கேஸைப் பார்: "72 மணி நேரம் கடந்த விலைப்பட்டியலை ரத்து செய்ய முயன்றால் சிஸ்டம் மறுக்க வேண்டும்." சரியான கேஸ். டெஸ்டிங் தொடங்கும் நாளில் மூன்று நாள் பழைய விலைப்பட்டியல் உனக்கு எங்கிருந்து வரும்? தொடங்கிய பிறகு போட்டால் மூன்று நாள் சும்மா உட்கார வேண்டும். அதற்குள் பில்ட் மாறினால் மறுபடி மூன்று நாள். எனவே நுழைவு நிபந்தனையில் எழுது: சேண்ட்பாக்ஸில் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்ட, 72 மணி நேரம் தாண்டிய விலைப்பட்டியல் குறைந்தது 10 கிடக்க வேண்டும். மாத முடிவுக்குப் பிறகு ஏழு நாளுக்குள் அனுப்ப வேண்டிய தொகுப்பு விலைப்பட்டியலுக்கும் இதே கதை. முழு ஒரு மாதத்து ரசீதுகள் முன்கூட்டியே உள்ளே இருக்க வேண்டும். பழம் பழுக்க நாள் எடுக்கும், பாப்பா. சமையல் தொடங்கிய பிறகு காயைப் பறித்துப் பயனில்லை.

சேண்ட்பாக்ஸ் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2008 மார்ச் 27-இல் லண்டன் ஹீத்ரோவில் ஐந்தாம் முனையம் திறந்த அன்று பயணப்பெட்டிகள் ஆயிரக்கணக்கில் தேங்கின. காரணங்களில் ஒன்று, சோதனைக் காலத்துச் செய்திகள் நிஜ சிஸ்டத்துக்குள் போகாமல் இருக்கப் போட்ட வடிகட்டியைத் திறப்பு நாளில் எடுக்க மறந்தது. உன் முடிப்பு நிபந்தனையில் "டெஸ்டுக்காக வைத்த முகவரி, லாகின், தடுப்பு எல்லாம் நீக்கப்பட்டுவிட்டன" என்று ஒரு வரி சேர். அதை வைத்தவரையே எடுக்கச் சொல். எடுத்ததை வேறொருவர் பார்க்கட்டும்.

முடிப்பு நிபந்தனையில் "எல்லாம் பாஸ்" என்பது கேட்க நன்றாக இருக்கும். கடைசி வாரம் என்ன நடக்கும் தெரியுமா? ஃபெயில் ஆன கேஸ் "பொருந்தாது" என்று மாறும். முதல் தர பக் மாலை நாலு மணிக் கூட்டத்தில் மூன்றாம் தரம் ஆகும். தப்பு உன் ஆட்களுடையது இல்லை, நடக்க முடியாத நிபந்தனை வைத்தவருடையது. எந்த பக் எந்தத் தரம் என்பதை இன்றைக்கே, யாருக்கும் வியர்க்காத நேரத்தில், உதாரணத்தோடு எழுதி வை: வரித் தொகை தப்பாக வந்தால் முதல் தரம், பொத்தான் நிறம் தப்பென்றால் நாலாம் தரம் என்கிற மாதிரி. பிறகு இப்படி வை: ஒவ்வொரு தேவைக்கும் ஒரு கேஸாவது ஓடியிருக்க வேண்டும். முதல் இரண்டு தரத்தில் ஒன்றும் திறந்திருக்கக் கூடாது. மூன்றாம் தரத்தில் மிச்சம் இருப்பவற்றின் பட்டியலை வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவுத் தலைவர் படித்துக் கையெழுத்திட வேண்டும். கடைசி முழுச் சுற்று, வெளியே போகப் போகும் அதே பில்டில் ஓடியிருக்க வேண்டும். புதிய பக் வரும் வேகம் குறைந்திருக்க வேண்டும் என்றும் சேர்க்கலாம். கூடவே எத்தனை மணி நேரம் டெஸ்ட் செய்தார்கள் என்ற கணக்கையும் கேள். தீபாவளி வாரத்தில் பக் விழுந்துவிட்டது என்று கிராஃப் போட்டுக் காட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். அந்த வாரம் டெஸ்ட் செய்ய ஆளே இல்லை.

நிஜ சூழல் எப்படியோ அப்படியே சோதித்தோமா என்பதும் முடிப்பில் வர வேண்டும். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் புதிய சிஸ்டத்துக்கு மாறியபோது சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்குக்குள் போக முடியாமல் தவித்தார்கள். இரண்டு தரவு மையங்களில் ஒன்றை மட்டுமே சோதித்திருந்தது பின்னால் விசாரணையில் தெரிந்தது. 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் போட்ட அபராதம் 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல். ஜொகூரில் இப்போது செடெனாக், கூலாய் என்று திரும்பின பக்கமெல்லாம் தரவு மையம். உங்கள் மென்பொருளும் இரண்டு இடத்தில்தான் ஓடப் போகிறது என்று உன் பிளானின் நாலாம் பக்கம் சொல்கிறது. பதினோராம் பக்கத்துக்கு அது தெரியவில்லை.

நுழைவும் முடிப்பும் எழுதினால் போதாது, நடுவில் நிறுத்துவதற்கும் எழுது. 1983-இல் வந்த ஐஈஈஈ 829 ஆவணத்திலேயே எப்போது நிறுத்துவது, எது சரியானால் மறுபடி தொடங்குவது என்று தனித் தலைப்பு இருக்கிறது. கங்காணி வெயில் ஏறியதும் திரும்பிப் போய்த் தொட்டாரே, அதுதான். உங்கள் ஆஃபீஸில் ஸ்க்ரம் என்று சொல்லி "டெஃபினிஷன் ஆஃப் ரெடி", "டெஃபினிஷன் ஆஃப் டன்" என்பார்கள். பெயரில் எனக்குச் சண்டை இல்லை.

கடைசியில் ஒரு நாள் மேலாளர் வந்து, "கெடு நெருங்குகிறது, நிபந்தனை நிறைவேறவில்லை, பரவாயில்லை தொடங்கு" என்பார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலேயும் ஒருவர் இருக்கிறார். நீ மாட்டேன் என்று அடம் பிடிக்காதே, அது உன் அதிகாரத்தில் இல்லை. ஒரு விலக்குத் தாளைத் தயாராக வைத்திரு. எந்த நிபந்தனை, ஏன் விலக்கு, அதனால் என்ன ஆகலாம், எந்தத் தேதிக்குள் சரி செய்வோம், யார் ஒப்புக்கொண்டார். அந்தக் கடைசி இடத்தில் "நிர்வாகம்" என்று எழுத விடாதே, ஒரு மனிதர் பெயர் வர வேண்டும். நான் அந்தத் தாளை நீட்டிய தடவைகளில் பாதிக்கு மேல், கையெழுத்துப் போடுவதற்குப் பதில், "சரி, இரண்டு நாள் எடுத்துக்கொள்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். மீதித் தடவைகளில் போட்டுவிட்டார்கள். வேலை தொடங்கியது, என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரிந்தே தொடங்கியது.

அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வா. பெரியம்மா இட்லிக்கு மாவு அரைக்கிறேன் என்கிறாள். பதினோராம் பக்கத்தை மட்டும் அச்செடுத்துக் கொண்டு வா. நான் சிவப்பு மையும் உள்ளங்கையும் எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா